பாதிப் பக்கம்: ஓர் ஆங்கில வகுப்பின் பத்து வாரங்கள்

எட்டாம் வகுப்பு. 42 பிள்ளைகள். வாரத்துக்கு ஐந்து பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். வீட்டிலும் விளையாட்டிலும் எல்லோருக்கும் தமிழ்தான். ஆங்கிலம் கால அட்டவணையில் வந்து போகும் ஒரு பாடம், அவ்வளவே. தேர்வில் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். பாடத்துக்குப் பின்னால் இருக்கும் கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவார்கள். அதே பிள்ளையை எழுப்பி, நேற்றுச் சாயங்காலம் என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டால் மின்விசிறியை அண்ணாந்து பார்க்கும்.

நான் அந்த வகுப்பின் ஆங்கில ஆசிரியை. பாடப் புத்தகத்தைத் தாண்டி வகுப்பைக் கொஞ்சம் உயிரோட்டமாக்கலாம் என்று பத்து வாரம் முயன்றதன் பதிவு இது. பலித்ததும் இருக்கிறது, சொதப்பியதும் இருக்கிறது. சொதப்பல்தான் முதலில் வந்தது.

ஒரு பீரியடின் ஒலிப்பதிவு

எதையும் மாற்றுவதற்கு முன்னால் என் வகுப்பையே ஒருநாள் கைபேசியில் பதிவு செய்தேன். மேசைமேல் வைத்துவிட்டு வழக்கம்போலப் பாடம் எடுத்தேன். ராத்திரி கடிகாரத்தோடு உட்கார்ந்து கேட்டேன். தன் குரலைத் தானே கேட்பது யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்கு அன்று குரலைவிட அதன் அளவுதான் உறுத்தியது. 40 நிமிடத்தில் 30 நிமிடத்துக்கு மேல் நானேதான் பேசியிருந்தேன். பிள்ளைகளின் குரல் கேட்ட இடமெல்லாம் கோரஸ்: "யெஸ் மிஸ்", "நோ மிஸ்", அல்லது நான் பாதியில் நிறுத்திய வாக்கியத்தின் கடைசிச் சொல். ஒரு பிள்ளை தானாகச் சொன்ன முழு ஆங்கில வாக்கியம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். மூன்று கிடைத்தன. அதில் இரண்டு, "மே ஐ கம் இன் மிஸ்?"

இன்னொன்றும் கவனத்தில் பட்டது. நான் கேள்வி கேட்கிறேன், பதில் வருமுன் நானே விடையைச் சொல்லிவிடுகிறேன். இடைவெளி ஒரு நொடிகூட இல்லை. அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970களிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினால் பிள்ளைகளின் விடை நீள்கிறது, "தெரியாது" என்பது குறைகிறது என்று அவர் கண்டார். பி.எட். படிக்கும்போது இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். இருந்தும் என்ன? தாய்மொழியில் அறிவியல் கேள்விக்கே மூன்று நொடி தேவை என்றால், இரண்டாம் மொழியில் சொல்லைத் தேடி, அதைச் சரியான இடத்தில் வைத்து, வாய் திறக்கும் துணிச்சலையும் வரவழைத்துக்கொள்ள எத்தனை நொடி வேண்டும்?

விளையாட்டுகள்

சரி, பாடம் அலுப்பாக இருக்கிறது, விளையாட்டைக் கொண்டுவரலாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மூன்று வாரம் விதவிதமாகச் செய்தோம். குறுக்கெழுத்து, வினாடி வினா, கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சொற்சங்கிலி, சின்னச் சின்னக் காணொளிகள், ஊமை நாடகம் என்று எட்டு வகை இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நான் வகுப்புக்குள் நுழையும்போதே, "மிஸ், இன்னைக்கு கேமா, பாடமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதல் நாள் அந்தக் கேள்வி இனித்தது. மூன்றாவது நாள் உறைத்தது. விளையாட்டு வேறு, பாடம் வேறு என்று நானே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டிருந்தேன்.

மறுபடி பதிவு செய்தேன். இந்த முறை பிள்ளைகளின் குரல் நிறையவே கேட்டது. ஆனால் அத்தனையும் தமிழ். "டேய், நம்ம டர்ன்டா", "அவன் பார்த்துட்டான் மிஸ்", "போங்கு." ஆங்கிலம் என்று வந்ததெல்லாம் உதிரிச் சொற்கள்: "டைகர்", "ரேபிட்", "டேபிள்". இவை அவர்களுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்தவை. வினாடி வினாவில் ஜெயித்தவர்கள் எப்போதும் ஜெயிக்கும் அதே மூன்று பேர். மற்ற 39 பேரும் கைதட்டினார்கள். காணொளியைப் பற்றி ஒரு வாரம் கழித்துக் கேட்டால், அதில் ஒருவர் வழுக்கி விழுந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. அவர் என்ன பேசினார் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. கவர்ச்சி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போக, மொழி இன்னொரு பக்கம் நின்றுவிட்டது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் சிரித்தால் வகுப்பு நன்றாக நடந்தது என்ற கணக்கில் நான் பல வருடம் ஏமாந்திருக்கிறேன்.

அந்த எட்டில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. இருவர் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். ஒருவர் கையில் படம். அதை அவர் சொல்லச் சொல்ல மற்றவர் வரைய வேண்டும். பதிவில் அந்த ஏழெட்டு நிமிடத்தில் மட்டும் இப்படிக் கேட்டது: "நாட் தேர்! அண்டர் தி ட்ரீ!" "பிக் ஆர் ஸ்மால்?" "வேர் இஸ் தி டோர்?" உடைசல்தான், ஆனால் ஆங்கிலம், ஒருவர் பேசியதற்கு மற்றவர் காட்டிய மறுமொழி. மற்ற ஏழிலும் இது ஏன் நடக்கவில்லை என்று யோசித்தபோது விடை கிட்டத்தட்ட அபத்தமாகத் தெரிந்தது. இந்த விளையாட்டில்தான் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. பேசாவிட்டால் வேலை நடக்காது.

பிரபுவின் இடைவெளிகள்

ஆங்கிலம் கற்பித்தலில் இந்தக் கருத்துக்குத் 'தகவல் இடைவெளி' என்று பெயர் இருக்கிறது. அதில் பெரிய பங்கு நம் பக்கத்து ஆள் ஒருவருடையது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவில், பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில், ஒரு பரிசோதனையை நடத்தினார். 'பெங்களூர் திட்டம்' என்றே உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. இலக்கணத்தை முறைப்படி அடுக்கிக் கற்பிப்பதை விட்டுவிட்டு, பிள்ளைகளின் மூளைக்கு ஒரு வேலை கொடுப்போம். மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கட்சி. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏறலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது மாதிரியான வேலைகள். இப்படிப்பட்ட வேலைகளை மூன்று வகை இடைவெளிகளாக அவர் பிரித்தார்: தகவல் இடைவெளி, தர்க்க இடைவெளி, கருத்து இடைவெளி. 1987இல் வந்த அவருடைய நூலில் இதை விரிவாகப் பார்க்கலாம்.

பிரபுவுக்கு இதில் மிகவும் பிடித்தது தர்க்க இடைவெளி, அதாவது இருக்கும் தகவலிலிருந்து இல்லாததை ஊகித்து எடுப்பது. பிள்ளைகளைச் சோடி சோடியாகப் பேசவிடுவதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அரைகுறை ஆங்கிலம் பேசும் இருவர் ஒருவரிடமிருந்து ஒருவர் அரைகுறையையே கற்றுக்கொள்வார்கள் என்று பயந்தார். ஞாயமான பயம்தான். ஆனால் 42 பேரும் என்னோடு மட்டும் பேசுவதென்றால் ஒரு பீரியடில் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அதனால் அந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காமல் சோடியாகவே உட்காரவைத்தேன்.

புத்தகத்தை மறைத்தல்

தனியாக விளையாட்டு தயாரிப்பதை நிறுத்தினேன். பாடப் புத்தகத்தில் அந்த வாரம் ஒரு கலங்கரை விளக்கக் காவலரின் கதை. புயல் இரவில் விளக்கு அணைந்துவிடுகிறது. கிழவர் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார், கயிறு அறுந்துவிடுகிறது, கடைசியில் மணியை அடித்தே விடியும் வரை படகுகளுக்கு வழிகாட்டுகிறார். வழக்கமாக நான் வாசித்து, அர்த்தம் சொல்லி, கேள்வி-பதில் எழுதிப்போட்டு முடிப்பேன். இந்த முறை கதையை இரண்டு பாதிப் பக்கத் தாள்களாக்கினேன். 'அ' தாளில் ஒன்றுவிட்டு ஒன்று சில விவரங்கள் மறைந்திருக்கும். அவை 'ஆ' தாளில் இருக்கும். 'ஆ'வில் மறைந்தவை 'அ'வில் இருக்கும். அ-காரர் 'ஆ' தாளைப் பார்க்கக் கூடாது. கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். புத்தகங்கள் பைக்குள்.

முதல் ஐந்து நிமிடம் மயான அமைதி. பிறகு ஒரு பையன் மெதுவாக எழுந்து வந்து, "மிஸ், எப்படிக் கேக்கணும்?" என்றான்.

அவன் கேட்டது எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. வகுப்பில் கேள்வி கேட்கும் உரிமை முழுக்க என்னுடையது. அவர்கள் கேட்டுப் பழகியது, உள்ளே வரவும் வெளியே போகவும் அனுமதி மட்டும்தான். 'சாதாரண வாக்கியத்தை வினா வாக்கியமாக மாற்றுக' என்ற பயிற்சியில் பத்துக்குப் பத்து வாங்கும் பிள்ளைக்கு, உண்மையிலேயே தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேள்வி கேட்கத் தெரியவில்லை.

தமிழிலிருந்து வரும் பிள்ளைக்கு இது ஏன் கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் 'வந்தார்' என்பதன் முடிவில் ஓர் ஆகாரத்தை ஒட்டினால் 'வந்தாரா' என்று கேள்வியாகிவிடும். 'அவர் எண்ணெயை எடுத்துப் போனார்' என்பதில் 'எண்ணெயை' இருக்கும் இடத்தில் 'என்ன' என்று வைத்தால் போதும், வேறு எதுவும் அசைய வேண்டாம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. வினாச் சொல் வாக்கியத்தின் முன்னால் ஓட வேண்டும், அதன் பின்னால் 'டிட்' என்று புதிதாக ஒருவர் வந்து நிற்க வேண்டும், வினைச்சொல் தன் இறந்தகால உடையைக் கழற்றிவிட வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில். அதனால் பிள்ளைகள் முதலில் கேட்டது "வாட் ஹி கேரிட்?" தமிழின் அச்சு அப்படியே தெரிகிறது. இரண்டாம் நாள் "வாட் டிட் ஹி கேரிட்?" என்று முன்னேறினார்கள். 'டிட்' வந்துவிட்டது, ஆனால் வினைச்சொல் உடையைக் கழற்றவில்லை. இதுவும் தவறுதான், ஆனால் முதல் தவறைவிட உயர்ந்த தவறு.

அந்த இடத்தில்தான் இலக்கணம் நடத்தினேன். போர்டில் இரண்டு வாக்கியத்தை எழுதி, "காலத்தை யார் வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்தேன். மூன்று நொடிக்கு மேல்தான். ஒரு பிள்ளை, "டிட் தூக்கிட்டுப் போயிடுச்சு மிஸ், கேரி சும்மா நிக்குது" என்றாள். அன்றிலிருந்து அது வகுப்பின் பழமொழி. யாராவது 'டிட் ஹி வென்ட்' என்றால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "தூக்கிட்டுப் போயிடுச்சுடா!" ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் விளக்கவில்லை. விளக்க வேண்டியும் இருக்கவில்லை. அந்த விதி அவர்களுக்கு அப்போதே, கையோடு தேவைப்பட்டது. ஒரே பீரியடில் ஒவ்வொருவரும் பத்து தடவைக்கு மேல் அதைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. பயிற்சிப் புத்தகத்தில் இதையே பத்து வாக்கியமாகக் கொடுத்திருந்தால் மூன்றாவதில் கொட்டாவி வந்திருக்கும். இங்கே ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு விடை ஒளிந்திருந்தது.

எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் வாரம் பாதிப் பேர் தாளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். எஞ்சியவர்கள் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். புத்திசாலித்தனம்தான், குறை சொல்ல முடியாது. தமிழ் பேசினால் ஒரு புள்ளி கழியும் என்று சட்டம் போட்டேன். அடுத்த நிமிடமே வகுப்பு ஊமையாகிவிட்டது. அந்தச் சட்டத்தை இரண்டே நாளில் வாபஸ் வாங்கினேன். அப்புறம் செய்த ஏற்பாடு நிலைத்தது: முதல் மூன்று நிமிடம் அ-காரர்கள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து தமிழிலேயே கலந்து பேசி, என்னென்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று தயார் செய்யலாம். ஆ-காரர்களும் அப்படியே. பிறகு முதுகோடு முதுகாக உட்கார்ந்து கேள்வி மட்டும் ஆங்கிலத்தில். திட்டம் தமிழில், கேள்வி ஆங்கிலத்தில். தாய்மொழியை வகுப்புக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்லும் பழக்கத்தை அதோடு நானும் விட்டேன்.

சத்தம் பெரிய பிரச்சினை. 21 சோடி ஒரே நேரத்தில் பேசினால் சந்தைதான். பக்கத்து வகுப்பிலிருந்து ஆசிரியர் ஒருவர் வந்து, "என்ன மிஸ், பாடம் நடக்கலையா?" என்று கேட்டார். நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவருக்கும் பாடம் நடத்த வேண்டுமே. வாரத்தில் இரண்டு நாள் மரத்தடிக்குப் போனோம்.

மூன்று முறை சொல்லும் கதை

மூன்றாம் பாடத்திலிருந்து இன்னொன்றைச் சேர்த்தேன். கதையின் ஒரு பகுதியை ஒரு பிள்ளை தன் எதிரில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். முடித்ததும் அடுத்த ஆளிடம் போய் அதே கதையைச் சொல்ல வேண்டும், ஆனால் குறைந்த நேரத்தில். மூன்றாவது ஆளிடம் இன்னும் குறைந்த நேரத்தில். கீத் மாரிஸ் 1983இல் எழுதி, பிறகு சொல்வளம் கற்பித்தலில் பெயர்பெற்ற பால் நேஷன் பரவலாக்கிய உத்தி இது. நான்கு, மூன்று, இரண்டு நிமிடம் என்பது அவர்கள் கணக்கு. என் பிள்ளைகளுக்கு நான்கு நிமிடம் யுகம். நான் இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று வைத்தேன்.

திரும்பத் திரும்பச் சொல்வது அலுக்காதா என்றால், அலுக்கவில்லை. கேட்பவர் மாறிவிடுகிறார், அவருக்கு அது புதிது. கடைசி பெஞ்சில் ஒரு மாணவி. வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். முதல் சுற்றில் அவள் சொன்னது நாலு சொல். மூன்றாவது சுற்றில் நான் பக்கத்தில் போய் நின்றபோது, "தி ரோப் ப்ரோக். ஹி ரங் தி பெல். ஹி ரிங்... ரங் தி பெல் ஆல் நைட்" என்று போய்க்கொண்டிருந்தாள். நான் நிற்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகாமல் காதை மட்டும் வைத்துக்கொண்டேன். 42 பேர் முன்னால் எழுந்து நின்று பேசுவதும் ஒரே ஒருவரிடம் பேசுவதும் ஒன்றல்ல. இதில் வேகம் கூடும், தயக்கம் குறையும். ஆனால் பிழை அப்படியே இருக்கும். சில பிள்ளைகள் ஒரே பிழையை மூன்று முறை சொல்லி அதை நன்றாகவே மனப்பாடம் செய்துகொண்டார்கள். பிரபு பயந்தது இதற்குத்தான் போலும்.

பிழையை என்ன செய்வது

என் பழக்கம் இப்படி: பிள்ளை "ஹி கோ டு தி டவர்" என்றால், நான் சிரித்த முகத்தோடு "யெஸ், ஹி வென்ட் டு தி டவர்" என்பேன். திருத்திவிட்டேன் என்று எனக்குத் திருப்தி. பிள்ளையின் காதில் விழுவதோ 'யெஸ்' மட்டும். ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் கனடாவில் பிரெஞ்சு வழிக் கல்வி வகுப்புகளில் கண்டதும் இதே கதைதான். 1997இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் இப்படிச் சரியாகத் திருப்பிச் சொல்வதுதான். ஆனால் மாணவர்கள் தாங்களாகத் திருத்திக்கொள்ளத் தூண்டுவதில் அதுதான் மிகவும் பலவீனமாக இருந்தது. நான் மாற்றியது சின்ன விஷயம். "யெஸ்டர்டே ஹி... கோ?" என்று நிறுத்தி, புருவத்தைத் தூக்குவது. அநேகமாகப் பிள்ளையே திருத்திக்கொள்ளும். அதுவும் கதை சொல்லும்போது அல்ல, முடிந்த பிறகு. நடுவில் நிறுத்தினால் கதை அங்கேயே செத்துவிடும்.

வேகமாக வாசித்து, திரும்பக் கட்டுவது

ஆறாவது வாரத்தில் செய்தது ரூத் வாஜ்ன்ரிப் 1990இல் நூலாக எழுதிய ஓர் உத்தி. டிக்டேஷன் மாதிரிதான், ஆனால் டிக்டேஷன் அல்ல. ஐந்தாறு வாக்கியம் கொண்ட ஒரு பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசிப்பேன். எல்லாவற்றையும் எழுத நேரம் இருக்காது. காதில் விழுந்த முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, மூன்று பேர் சேர்ந்து அந்தப் பத்தியைத் திரும்பக் கட்ட வேண்டும். பிறகு மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

கதையின் விஷயம் எல்லாக் குழுவிலும் சரியாக வந்தது. வித்தியாசம் எல்லாம் சின்னச் சொற்களில்தான். தமிழில் 'தி' கிடையாது. 'எ'வுக்கு 'ஒரு' என்று சொல்லிச் சமாளிக்கலாம், 'தி'க்கு 'அந்த' என்று எல்லா இடத்திலும் போட முடியாது, பல இடத்தில் ஒன்றுமே போட மாட்டோம். அதனால் பிள்ளைகளுக்கு அது காதிலேயே விழுவதில்லை. முதல் வாக்கியத்தில் "எ லாம்ப்" என்றிருக்க, மூன்றாம் வாக்கியத்தில் "தி லாம்ப்" என்று ஏன் மாறியது என்று ஒரு குழு கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. பத்து நிமிடம் வகுப்பே சண்டை போட்டது. "முதல்ல நமக்குத் தெரியாது மிஸ், அப்புறம் தெரிஞ்சுடுச்சு, அதான்" என்று ஒருவன் முடித்துவைத்தான். எந்த இலக்கணப் புத்தகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பலிக்காதவை

வாசிப்புப் பெட்டி ஒன்று வைத்தேன். இதற்கு எனக்கு உந்துதல் ஃபிஜியில் நடந்தது. வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் 1980 வாக்கில் அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில், வகுப்புக்குச் சுமார் 250 கதைப் புத்தகம் என்று கொட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். 'புத்தக வெள்ளம்' என்றே அதற்குப் பெயர். முதல் ஆண்டு முடிவிலேயே அந்தப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் மற்றவர்களைவிட வெகுவாக முன்னேறியிருந்தது. இரண்டாம் ஆண்டில் அது எழுத்து உள்ளிட்ட மற்றத் திறன்களுக்கும் பரவியது. என் பெட்டியில் இருந்தது முப்பத்துச் சொச்சம் புத்தகம். அதிலும் பாதி கடினம். பால் நேஷனும் அவர் சகாக்களும் சொல்லும் கணக்குப்படி, துணையில்லாமல் ஒரு நூலைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும், அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். என் புத்தகங்களில் ஒரு வரிக்கு இரண்டு. வெள்ளம் என்று சொல்லித் தூறல் போட்டால் என்ன முளைக்கும்? நாலைந்து பிள்ளைகள் படித்தார்கள். மற்றவர்கள் படம் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை 15 நிமிடம் அமைதியாக இருந்தது, அது ஒரு லாபம்.

ஆறு பேர் குழு வேலை செய்யவே இல்லை. இரண்டு பேர் செய்வார்கள், நாலு பேர் பார்ப்பார்கள். நாடகம் போட்டதில் வசனத்தை மனப்பாடம் செய்தார்கள், பேசவில்லை. கவிதைப் பாடத்தைப் பாதியாக வெட்டியது நான் செய்ததிலேயே மோசமான காரியம். கவிதையை முழுசாகத்தான் கேட்க வேண்டும். அதை மறுபடி பழையபடி உரக்க வாசித்தேன், எல்லோருக்கும் நிம்மதி.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசிக்கவே வராது. பாதிப் பக்கமும் அவர்களுக்கு ஒன்றுதான், முழுப் பக்கமும் ஒன்றுதான். சோடியில் அவர்கள் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பாதிப் பக்கம் தொடங்கிய இரண்டாம் வாரம்தான் கவனித்தேன். வகுப்பு கலகலப்பாக இருக்கும்போது இப்படிப்பட்டவர்கள் இன்னும் நன்றாக மறைந்துகொள்ள முடிகிறது. அவர்களுக்குப் படம் உள்ள தாளைக் கொடுத்தேன், மதிய இடைவேளையில் எழுத்தொலிகளைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். பத்து வாரத்தில் ஒருவன் தேறினான். மற்ற இருவருக்கும் இன்னும் நாள் வேண்டும்.

போர்ஷன் முடிந்ததா?

எல்லோரும் கேட்டது இதைத்தான். முடிந்தது, ஒரு பாடம் பாக்கி. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தவில்லை என்பதால்தான் முடிந்தது. வாரத்தில் இரண்டு பீரியட் பாதிப் பக்கம், ஒன்று கதை சொல்லல் அல்லது திரும்பக் கட்டல், மீதி இரண்டும் பழைய முறைதான்: விளக்கம், எழுத்து, தேர்வுக் கேள்வி. தேர்வில் மதிப்பெண் எகிறவில்லை. எகிறும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, ஏனென்றால் அந்தத் தேர்வு கேட்பது வேறு. சொந்தமாகப் பத்தி எழுதும் கேள்வியை முன்பு பாதிப் பேர் தொடவே மாட்டார்கள். இந்த முறை வெற்றிடமாக விட்டவர்கள் மிகக் குறைவு. பிழை நிறையத்தான். ஆனால் எழுதப்படாத வாக்கியத்தில் திருத்த என்ன இருக்கிறது?

பத்தாம் வாரம் மறுபடி கைபேசியை வைத்தேன். மேசையில் வைத்தால் இரைச்சல்தான் பதிவாகும் என்பதால் ஒரு சோடியின் நடுவில் வைத்தேன். மூன்று வாக்கியத்தைத் தேடி எடுத்த அந்த முதல் ராத்திரி மாதிரி இல்லை. எண்ணி மாளவில்லை, பாதியில் விட்டுவிட்டேன். "தூக்கிட்டுப் போயிடுச்சு" என்பது இரண்டு முறை கேட்டது. என் குரல் தூரத்தில் எங்கேயோ கேட்டது.

தாள் தயாரிப்பது எனக்குப் பெரும் சுமை. முதல் பாடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தினமும் இப்படிச் செய்ய எந்த ஆசிரியராலும் முடியாது. எட்டாவது வாரம் சோம்பலில் ஒரு காரியம் செய்தேன். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பத்தி கொடுத்து, "எதிர் அணிக்கு எந்தச் சொல்லை மறைக்கலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. பத்துச் சொல்தான்" என்றேன். ஆள் பெயர், ஊர்ப் பெயர், எண், இவற்றைத்தான் மறைப்பார்கள் என்று நினைத்தேன், ஏனென்றால் நானும் அவற்றைத்தான் மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு குழு அப்படித்தான் தொடங்கியது. வருகைப் பதிவுக்குக் கை தூக்கும் அந்தக் கடைசி பெஞ்ச் மாணவி பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். "பேரை மறைச்சா ஒரே கேள்வியில கண்டுபிடிச்சிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது வரியில் ஒரு 'தி'யைத் தேடி அடித்தாள். அடுத்த வரியில் ஓர் 'அட்'. அதற்கடுத்து ஓர் 'ஆன்'. பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் நமக்கே தெரியாதேடி" என்றான்.

"அதான்" என்றாள் அவள், அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே.